சந்தேகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல்

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கு எதை நடத்துவது என்று ஜெசிந்தா போன வாரமே பாடக்குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். இப்போது மாற்றினால் ஏன் மாற்றினாள் என்ற கேள்வி வரும். ஆகவே கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, இடது பக்கம் டவுட் என்றும் வலது பக்கம் சஸ்பெக்ட் என்றும் ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதும்போது பின்னால் வழக்கமாகக் கேட்கும் சலசலப்பு இல்லை. திரும்பினாள். பிள்ளைகள் பலகையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் மத்தியானம் மூன்றாம் வகுப்பு ஆர்த்தியின் கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலி காணாமல் போயிருந்தது. அதைக் கடைசியாகத் தொட்டவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

"இந்த ரெண்டுக்கும் தமிழ்ல என்னா? யாராவது சொல்லுங்க."

முன்பெஞ்சு ரோஜா எழுந்தாள். "டவுட்டுன்னா சந்தேகம் மிஸ்."

"சஸ்பெக்ட்?"

"அதுவும் சந்தேகம்தான் மிஸ்."

"அப்ப எதுக்கு மிஸ் ரெண்டு? ஒண்ணே போதாதா? படிக்கறதுக்குப் பேஜாரு" என்றான் கடைசி பெஞ்சு தென்னரசு. வேறு நாளாக இருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். இன்று ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"தென்னரசு ஹோம்வொர்க் முடிச்சிருப்பானா, ஐ டவுட். அப்படின்னா என் மனசுல என்ன இருக்கு? முடிச்சிருக்க மாட்டான்னு இருக்கு. தென்னரசு பக்கத்துப் பையன் நோட்டப் பாத்து எழுதினான், ஐ சஸ்பெக்ட். அப்படின்னா? பாத்துத்தான் எழுதியிருக்கான்னு இருக்கு. ஒண்ணு, நடந்திருக்காதுன்னு நெனைக்கறது. இன்னொண்ணு, நடந்திருக்கும்னு நெனைக்கறது. ரெண்டும் நேர் எதிர். தமிழ்ல நாம ரெண்டையும் ஒரே பையில போட்டு வச்சிருக்கோம்."

"எந்தப் பையில போட்டாலும் நான்தான் மிஸ் மாட்டிக்கினேன்."

இந்த முறை கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். பிறகு இலக்கணத்துக்குப் போனாள். டவுட் என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இஃப் வரும், இல்லை வெதர் வரும். கதவு பாதி திறந்தே இருக்கும். சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் தட் வரும்; அதற்கப்புறம் வருவது முடிவு கட்டிய வாக்கியம். ஒரு ஆளைச் சுட்டினால் ஆளின் பெயருக்குப் பின்னால் ஆஃப் போட்டு, என்ன குற்றம் என்று சொல்லவேண்டும். பெயர்ச்சொல்லாகும்போது இன்னொரு வித்தியாசம். சந்தேகப்படுகிற செயலுக்கும் சந்தேகத்துக்கு ஆளானவருக்கும் அதே எழுத்துத்தான். செயலைச் சொன்னால் பின்னசையை அழுத்த வேண்டும், ஆளைச் சொன்னால் முன்னசையை. இரண்டையும் உச்சரித்துக் காட்டினாள்.

"டவுட்டு நம்ம தலைக்குள்ள இருக்கறது. ஒரு ஆளப் பாத்து, இவரு ஒரு டவுட்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சஸ்பெக்ட்டுக்கு அப்படியில்ல. அதுக்குக் கை கால் இருக்கு, பேரு இருக்கு, ஊரு இருக்கு."

சொல்லி முடித்தபோது தொண்டை வறண்டுவிட்டது. தவக்காலத்து வெள்ளி. ஒருசந்தி நோன்பு. சாயந்தரம் சிலுவைப்பாதை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்பது கன்னியர் விடுதியில் படித்த காலத்திலிருந்து அவள் வைத்திருந்த வழக்கம்.

ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லிவிட்டுப் பெஞ்சுகளுக்கு இடையில் நடந்தாள். ஜன்னலோரம் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தவள், ஜெசிந்தா கிட்டே வந்ததும் உள்ளங்கையால் ஒரு வரியை மூடினாள். கையை விலக்கிப் பார்க்க ஜெசிந்தாவுக்கு உரிமை இருந்தது. அவள் பார்க்கவில்லை. அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

*

அவள் பிறந்தது வல்லத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஊர். அப்பா சின்னக்கண்ணு மற்றவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போனார். அம்மா ஜெயம் அதே கொல்லையில் கடலைக்காய் ஆய்ந்தாள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஊர்க் கோவிலில் பூசைக்கு வந்த பங்குச் சாமியார் ஒருவர் சொல்லித்தான் அவளைக் கன்னியர் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே பாடம் எல்லாம் ஆங்கிலம். முதல் வருடம் அவள் வாயே திறக்கவில்லை. பேசாத பிள்ளை என்று பெயர் வந்தது. பேசாமல் இருந்த அந்த வருடத்தில் அவள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் எங்கெல்லாம் இரண்டாகப் பிரிகிறது என்று மனதுக்குள் பொறுக்கிச் சேர்த்தாள். கேட்பதற்கு இரண்டு, பார்ப்பதற்கு மூன்று, கடன் கொடுப்பது ஒன்று வாங்குவது ஒன்று. இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவளுக்கு ஒரு தெளிவு கிடைத்தது. எம்.ஏ., பி.எட். முடித்து, திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் இந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்த பிறகும் வாரம் ஒரு ஜோடி என்று நடத்திவந்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஜோடி மிஸ். அது அவளுக்குத் தெரியும். பிடிக்கவும் செய்தது.

அப்பா இறந்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் வாடகைக்கு வந்துவிட்டாள். காலையில் பஸ், கூட்டேரிப்பட்டில் நெரிசல், திண்டிவனம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இத்தனை அலைச்சலுக்கும் ஒரு முடிவு வரப்போகிறது என்றுதான் அந்த மாதம் நம்பிக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் தேறிவிட்டாள். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் கையில் இருந்தது, ஒன்றைத் தவிர: இப்போது வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து நன்னடத்தைச் சான்று. கரஸ்பாண்டென்ட் கண்ணையன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அது சங்கிலி காணாமல் போவதற்கு முன்பு.

*

நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை ஆர்த்திக்குப் பிறந்தநாள். பட்டுப்பாவாடை, கழுத்தில் சங்கிலி. பள்ளிக்கு நகை போடக் கூடாது என்பது விதி. ஆனால் அவள் அப்பா கோகுலகிருஷ்ணன் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருகிறவர் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆயா பூமாலை கையைப் பிடித்து வகுப்பு வகுப்பாகக் கூட்டிப்போக, குழந்தை எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பு வாசலில் வரும்போது கொக்கி முடியில் சிக்கி அழ ஆரம்பித்தது. ஜெசிந்தா மண்டிபோட்டு, கொக்கியைக் கழற்றி, சிக்கெடுத்து, திரும்ப மாட்டிவிட்டாள். பூமாலை பக்கத்தில் நின்று, "டீச்சர் கை பட்டா முடியே தானா அவுந்துக்குது பாரு" என்று குழந்தையைச் சிரிக்க வைத்தாள். அதற்குப் பிறகு குழந்தை விளையாடியது, சாப்பிட்டது, கை கழுவியது, வகுப்பாசிரியை பிரபாவதியின் மடியில் தூங்கியது. எழுந்தபோது கழுத்தில் சங்கிலி இல்லை.

வியாழன் சாயந்தரமே கோகுலகிருஷ்ணன் காரோடு வந்துவிட்டார். ஆபீஸ் அறையில் அவர் போட்ட சத்தம் மைதானம் வரை கேட்டது. போலீசுக்குப் போகிறேன் என்றார். கண்ணையன் கையைப் பிடித்துக்கொண்டு, அட்மிஷன் நேரம், பள்ளிப் பெயர் கெட்டுவிடும், நாளைக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி அனுப்பிவைத்தார். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூமாலை சொல்லித்தான் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு மணி அடித்து, ஆசிரியர் அறையில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். ஜெசிந்தா மட்டும் வராந்தாவின் கோடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பூமாலை துடைப்பத்தோடு வந்தாள். பெருக்குகிற மாதிரியே குனிந்துகொண்டு பேசினாள்.

"டீச்சர், சேதி தெரியுமா? அரிசி வந்துகினு இருக்குது."

"என்ன அரிசி பூமாலக்கா?"

"மந்திரிச்ச அரிசி. கூட்டேரிப்பட்டாண்ட ஒரு ஆளு ஓதிக் குடுக்கறாராம். சாருக்கு அதுல ரொம்ப நம்பிக்கை. ஆளுக்கு ஒரு புடி வாயில போட்டு மென்னு, எலையில துப்பணும். எடுக்காதவன் துப்பனா சாந்து மாரி வரும். எடுத்தவன் துப்பனா மாவு மாரி காஞ்சி கொட்டும். சாமிக்கு வேற வேலை இல்ல பாரு, நம்ம வாயத் தொறந்து பாத்துகினு குந்திகினு இருக்குது."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "யாருக்கெல்லாம் கொடுக்கப் போறாங்க?"

"எனக்கு. அந்த இன்னொரு ஆயாவுக்கு. வேன் டிரைவர் அறிவுச்செல்வனுக்கு." பூமாலை கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்கும்தான்."

"பிரபாவதி டீச்சருக்கு?"

"அவங்க சாரோட சொந்தம் இல்ல? அவங்களுக்கு இன்னாத்துக்குத் தருவாங்க?" சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்து, இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காகிதத்தில் மடித்த புளி. கொட்டை எடுத்த பழம்புளி, உருண்டை உருண்டையாக. "இந்தாங்க. கூப்புடறதுக்குக் கொஞ்சம் முன்னால நாக்குக்கு அடியில வச்சிக்குங்க. எச்சி ஊறிகினே இருக்கும். டிரைவருக்கும் அந்த ஆயாவுக்கும் குடுத்துட்டேன்."

"நாம எடுக்கலையே அக்கா. எதுக்குப் புளி?"

"எடுக்கலன்னு அரிசிக்குத் தெரியுமா? கெடார்ல எங்க சின்னம்மா ஒரு வூட்டுல வேல செய்ஞ்சிகினு இருந்துச்சி. கொலுசு காணோம்னு இதே அரிசி குடுத்தாங்க. அது பயந்த சுபாவம். பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சி. கொட்டனதெல்லாம் மாவு. கொலுசு அந்த வூட்டுப் பொண்ணு பொட்டியிலயே அப்பறம் கெடைச்சிது. ஆனா எங்க சின்னம்மா பேரு திரும்பிக் கெடைக்கல. அன்னிலேர்ந்து எங்க வூட்டுல அரிசின்னு காதுல வுழுந்தா புளியத் தேடுவோம். ஜல்தியா வாங்குங்க, யாராச்சும் வரப்போறாங்க."

நீட்டிய கையில் புளி கறுத்துப் பளபளத்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தபடி நின்றாள். அந்த அரிசியைத் தொடுவதே அவளுக்குப் பாவம். தொடமாட்டேன் என்றால் எடுத்தவள் அவள்தான் என்று ஆகிவிடும். மென்று துப்பினால் விழுங்கியதாகாது, ஒருசந்தி முறியாது என்று ஒரு கணக்குப் போட்டுத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் புளியை வாயில் அடக்கினால் சாறு இறங்கும். அதைவிட, செய்யாத குற்றத்துக்கு எதற்கு ஏமாற்று வேலை என்று இருந்தது.

"வேணாம் அக்கா. ஒருசந்தி."

"தண்ணியாச்சும் குடிச்சீங்களா?"

"இல்ல."

பூமாலை அவள் வாயையே பார்த்தாள். "கர்த்தர் தப்பா எடுத்துக்க மாட்டார் டீச்சர். நான் கேட்டுக்கறேன் அவர்கிட்ட." அதற்கும் ஜெசிந்தா தலையாட்டி மறுத்தாள். புளியை முடிந்துகொண்டு போகும்போது பூமாலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

*

கடைசி பீரியடில் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டென்ட் அறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அரிசி பறந்துவிடும் என்று. மார்ச் மாத வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. மேசையில் பித்தளைத் தட்டு. அதில் மஞ்சள் தடவிய பச்சரிசி, நடுவில் அணைந்துபோன கற்பூரத்தின் கரி. சுவரோரம் கோகுலகிருஷ்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பிரபாவதி அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

கண்ணையன் நல்ல மனிதர். கேப்பை விதைத்த நிலத்தை விற்று இந்தப் பள்ளியைக் கட்டியவர். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். இப்போதும் மெதுவாகத்தான் பேசினார்.

"யாரும் மனசு கஷ்டப்பட வேணாம். யார் மேலயும் நான் பழி போடல. இது நம்ம மன நிம்மதிக்கு."

தரையில் நான்கு வாழையிலைத் துண்டு. இன்னொரு ஆயா முதலில் மென்றாள். துப்பியது ஈரமாக, குழைந்து வந்தது. அறிவுச்செல்வனுக்கும் அப்படியே. அவன் துப்பிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தபோது உதட்டோரம் லேசாகப் பழுப்பு தெரிந்தது. ஜெசிந்தா அதைக் கவனித்தாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. பூமாலை மென்றாள். அவள் இலையிலும் சாந்து மாதிரிதான் விழுந்தது.

ஜெசிந்தாவின் கையில் அரிசியை வைத்தார்கள். வாயில் போட்டதும் மணல் மாதிரி இருந்தது. மென்றாள். பல்லில் அரைபட்ட மாவு நாக்கில் ஒட்டிக்கொண்டது, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் வரவில்லை. எதையாவது புளிப்பாக நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். நினைப்புக்கு வந்தது அந்தக் காகித மடிப்புத்தான். இருமல் வந்தது. குனிந்தாள். இலையில் விழுந்தது வெளிர் மஞ்சள் தூள். ஊதினால் பறக்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது.

கோகுலகிருஷ்ணனின் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் ஒருசந்தி சார். காலையிலேர்ந்து தண்ணி குடிக்கல" என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"சரிம்மா. அதுவும் இருக்கலாம்" என்றார் கண்ணையன். அந்தப் பேச்சில் துளிக் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "நீங்க வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க. யோசிச்சிப் பாருங்க. எடுத்த பொருளு எங்கயாவது ஒரு எடத்துல கெடச்சிடுச்சின்னா, யாரு எவருன்னு நான் கேக்க மாட்டேன். திங்கக்கெழம வரைக்கும் டைம் இருக்கு."

"சார், என் சர்ட்டிபிகேட்டு..."

"அதையும் திங்கக்கெழம பாத்துக்கலாம்மா."

வெளியே வரும்போது பூமாலையைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். எல்லோரும் வாயில் புளி வைத்திருந்தோம் என்று அவள் சொன்னால் போதும். பூமாலை குனிந்து இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவின் இலையைத்தான் முதலில் சுருட்டினாள், மாவு வெளியே தெரியாமல். நிமிரவில்லை. சொன்னால் அவள் கதி என்ன என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கசந்தது.

*

அவள் வீட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை சங்கிலி எங்கிருந்து வரும்? எடுத்தவள் வைத்தால்தான் வரும். அவள் எடுக்கவில்லை. ஆகவே வராது. வராவிட்டால் சான்று இல்லை. சான்று இல்லாமல் வேலை இல்லை. அதோடு இந்தத் தூள் கதை திண்டிவனம் முழுக்கப் பரவி, விழுப்புரம் பஸ்ஸில் அவளுக்கு முன்னால் ஏறி, அம்மாவின் காதுக்குப் போய்விடும். இவர்களிடம் இருப்பது அரிசி மட்டும். விசாரணை என்று ஒன்று நடந்தால், பையைச் சோதிக்கட்டும், வீட்டைச் சோதிக்கட்டும், இவள் எடுக்கவில்லை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்கள். போலீசுக்குப் போகப் பள்ளிக்குத்தான் பயம். தனக்கென்ன பயம்?

நெடுஞ்சாலையோரம் நடந்தாள். லாரிகள் உரசிக்கொண்டு போயின. நடக்க நடக்க ஒரு நினைப்பு அவள் கூடவே வந்தது. பூமாலை முந்தானையில் புளி எப்படி அவ்வளவு தயாராக இருந்தது? அரிசி வருகிற சேதி அவளுக்கு மட்டும் எப்படி முன்கூட்டித் தெரிந்தது? வியாழக்கிழமை முழுக்கக் குழந்தையின் கையைப் பிடித்திருந்தவள் யார்? அவள் எடுத்திருப்பாளா என்று முதலில் தோன்றியது. எடுத்திருக்க மாட்டாள் என்று உடனே பதிலும் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பதில் வரத் தாமதித்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் வரவேயில்லை. இரண்டும் நேர் எதிர் என்று காலையில் கோடு போட்டு நடத்தியவள், நடுக்கோட்டை எந்த இடத்தில் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டென்று நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். சின்னம்மா கதையை நினைவுபடுத்திக்கொண்டாள். இல்லை, பூமாலை எடுக்கவில்லை. அப்படியே நடந்து காவல் நிலையத்துக்குள் போனாள்.

மேசையில் இருந்த ரைட்டர் நரைத்த மீசைக்காரர். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சொல்லும்மா. என்னா காணோம்?"

அவள் சொன்னாள். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"யாரு மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"யார் மேலயும் இல்லீங்க."

"அப்ப நகை உன்னோடதா?"

"இல்லீங்க. ஒரு குழந்தையோடது. என் மேல சந்தேகப்படறாங்க. நீங்க விசாரிச்சி, நான் எடுக்கலன்னு..."

ரைட்டர் பக்கத்து மேசைப் பெண் காவலரைத் திரும்பிப் பார்த்தார். "பாரும்மா, இத்தினி வருச சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கறேன். சந்தேகத்துல மாட்டின ஆளே பையத் தூக்கிகினு நடந்து வருது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எதவச்சி உன்மேல சந்தேகப்படறாங்க?" என்றார்.

அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அதற்குச் சிரிக்கவில்லை. பேனாவை மூடி யோசித்தார்.

"நாலு பேரு மென்னீங்க. மூணு பேருக்கு ஈரம். உனக்கு மட்டும் காஞ்சிப்போச்சி. அது ஏன்?"

"ஒருசந்தி இருந்தேங்க. தண்ணி குடிக்கல."

"அதான் காரணமா? வேற ஒண்ணுமில்லியே?"

அந்தக் கேள்வியில் இருந்த இழுவை அவளைக் குத்தியது. தன் நியாயத்தை இன்னும் ஒரு படி தெளிவாக்க வேண்டும் என்று பட்டது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புரியாவிட்டால் இன்னொரு உதாரணம் சொல்வதுபோல, யோசிக்காமல் சொன்னாள்: "மத்தவங்க எல்லாம் வாயில புளி அடக்கியிருந்தாங்க. அதனாலதான் அவங்களுக்கு ஈரமா வந்துது."

பேனா திறந்தது.

"புளி யாரு குடுத்தது?"

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழியும் இல்லை.

"டீச்சரம்மா. கேக்கறேன் இல்ல? யாரு குடுத்தது?"

"பூமாலைன்னு... எங்க ஸ்கூல் ஆயா. அவங்க எல்லாருக்கும் உதவிக்குத்தான் குடுத்தாங்க. அவங்க சின்னம்மாவ முன்னால இதே மாதிரி அரிசி குடுத்து, திருடின்னு..."

"சின்னம்மாவும் திருட்டுக் கேசா? குடும்பமே கைகாரக் குடும்பமா இருக்குதே."

"ஐயோ, இல்லீங்க சார். அவங்க எடுக்கல. கொலுசு அப்புறம் அந்த வீட்டுலயே கிடைச்சிடுச்சி."

"அன்னிக்குக் கொழந்தை கூட யாரு இருந்தது? இந்த ஆயாவா?"

"ஆமாங்க. ஆனா..."

அவர் பூமாலை என்று எழுதினார். எழுதிவிட்டு அடியில் கோடு போட்டார். வீடு எங்கே என்று கேட்டார். பள்ளிக்குப் பின்னால் காலனியில் என்று அவளாகச் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லவும் அவள் வாய் பழகியிருக்கவில்லை. பள்ளியின் பெயரை வைத்தே, பின்னால் இருக்கிற காலனிதானே என்று அவரே சொல்லி எழுதிக்கொண்டார்.

"சார், அந்தம்மா மேல எனக்குச் சந்தேகமே இல்லீங்க. எழுதாதீங்க சார். நான் அதுக்காக வரல."

"நீ சந்தேகப்பட வேணாம்மா. அது எங்க வேலை." எழுந்து வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "யோவ், வண்டிய எடு. லேடி கான்ஸ்டபிளையும் ஏத்திக்க. பொழுது சாயறதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துடலாம்." பிறகு அவளிடம், முன்னைக்கு இப்போது கொஞ்சம் மரியாதையாகவே, "நீங்க உக்காருங்க டீச்சர். தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

ஜீப் கிளம்பிப் போனது. புழுதி அடங்கும்வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கைப்பேசி நினைவு வந்தது. எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடினாள். பூமாலையின் எண்ணைத் தேடுவதற்குள் விரல் இரண்டு முறை தவறியது. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"டீச்சரா? நானே போன் பண்ணணும்னு இருந்தேன். எப்படிப் பண்றதுன்னு கூச்சமா இருந்துச்சி. அங்க நான் வாயத் தொறக்கல டீச்சர். பயந்துட்டேன். ஆனா வூட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு எறங்கல. திங்கக்கெழம காலையில மொத வேலையா சார்கிட்டப் போயி, நாங்க எல்லாருமே புளி வச்சிருந்தோம்னு சொல்லிடறேன். வேல போனாப் போவுது. நீங்க அழுவாதீங்க."

"பூமாலக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இப்ப உடனே..."

உடனே என்ன செய்யச் சொல்வது? ஓடு என்றா? ஓடினால் அதையும் எழுதிக்கொள்வார்கள். ஜெசிந்தாவுக்கு இரண்டு மொழியிலும் அடுத்த சொல் வரவில்லை.

"இன்னா டீச்சர்? சொல்லுங்க." அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது; தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. ஒரு இன்ஜின் உறுமி நின்றது. "டீச்சர், ஒரு நிமிசம் லைன்லயே இருங்க. வூட்டாண்ட எதோ வண்டி வந்து நிக்குது. யாருன்னு பாத்துட்டு வந்துடறேன்."